கூரைமேல் கிடந்த ஊர்

வலது தோள்பட்டைக்குக் கீழே, எலும்பும் எலும்பும் சேருகிற இடத்தில், ஆணி அடித்துவிட்ட மாதிரி ஒரு வலி. காலையில் எனக்கு முந்தி அது எழுந்துவிடும். என் அம்மா சுரங்கக் கழிவுக் குன்றின்மேல் உட்கார்ந்து சுத்தியலால் கல் உடைத்தவள். உடைந்த கல்லில் மினுங்கும் வெள்ளீயத்தைப் பொறுக்கி விற்று எங்களை வளர்த்தாள். அவளுக்கும் இதே இடத்தில்தான் வலி. அவள் கையில் இரும்பு இருந்தது. என் கையில் இருப்பது சோப்புக்கட்டி அளவு மவுஸ். "அதத் தூக்கவா வலிக்குது ஒனக்கு?" என்று அண்ணன் செனோன் ஒருமுறை கேட்டான். தூக்குவதில்லை அண்ணே, நகர்த்துவதுதான் என்றேன். சிரித்தான். ஓயாமல் நகர்த்தினால் எதுவும் கனக்கும் என்று அவனுக்கும் தெரியும். சுரங்கத்தில் வண்டி தள்ளினவன்.

நான் நகர்த்துவது புள்ளி. ஓருரோ நகரத்தில் மேட்டுநில ஆய்வுக் கழகம் இருக்கிறது. அதன் இணைய நூலகத்தில் அறிவியல் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. உப்பளம், தவளை, லாமா மந்தைகளின் குடற்புழு, சுரங்கக்காரனின் நுரையீரல் என்று எல்லாம் இருக்கும். எழுதியவர் பெயரோ தலைப்போ தெரிந்தவனுக்குத்தான் அவை இதுவரை அகப்பட்டன. இனி வரைபடத்தைத் திறந்து, வேண்டிய இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் இழுத்தால் போதும், அங்கே செய்த ஆராய்ச்சி எல்லாம் வந்து வரிசையில் நிற்கும் என்று சொன்னார்கள். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று செலவை ஏற்றது. வருஷக் கடைசிக்குள் வரைபடம் திறக்கவேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. அதற்காக ஒப்பந்தத்தில் எடுத்த ஆறேழு பேரில் நான் ஒருத்தி.

முதலில் ஒரு கணினி நிரலை விட்டுப் பார்த்தார்கள். அது கட்டுரையைத் தானே படித்து ஊரைக் கண்டுபிடிக்கும் என்றார்கள். தொலேதோ என்ற குடும்பப் பெயர்கொண்ட ஒருவர் எழுதிய ஆட்டுக் காய்ச்சல் கட்டுரையை அது, அதே பெயரில் ஓர் ஊர் இருக்கிற ஸ்பெயின் நாட்டில் கொண்டுபோய் வைத்தது. அப்புறம்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். நாங்கள் ஒவ்வொரு கட்டுரையாகத் திறந்து, ஆற்றின் பெயரோ மலையின் பெயரோ வருகிறதா என்று தேடி, வரைபடத்தில் அந்த இடத்தில் புள்ளியை இழுத்து விடுவோம். புள்ளியை அழுத்தினால் கட்டுரை திறக்கும், அதன் அடியில் வைத்தவர் பெயரும் தெரியும். "பொறுப்பு யாருதுன்னு தெரியணும்ல," என்றார் இஞ்ஜினியர் இரியார்த்தே. நூலகத்தின் கணினிப் பகுதிக்கு அவர்தான் தலைவர்.

"கல்லறையில பேரு வெட்டுற மாதிரி," என்றாள் பக்கத்து மேசை வில்மா.

பல கட்டுரைகளில் இடமே இருக்காது. 'உயர்ந்த மேட்டுநிலத்தில் ஒரு கிராமம்' என்று மட்டும் இருக்கும். மனிதர்களைப் பரிசோதித்த கட்டுரைகளில் ஊர்ப் பெயரை வேண்டுமென்றே மறைத்திருப்பார்கள். அது அவர்களுடைய வழக்கம். இடம் தெரியாத கட்டுரையை வெறுமையாக விட முடியாது, நிரல் ஏற்காது. அதனால் அவற்றையெல்லாம் கழகத்தின் முகவரியிலேயே வைத்துவிடச் சொன்னார் இரியார்த்தே. நாங்கள் உட்கார்ந்திருந்த கட்டடத்தின் கூரைமேல் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. வரைபடத்தில் அது ஒரு பெரிய சிவப்பு வட்டமாக வீங்கிக்கொண்டே போனது.

"இந்த மேப்ப நம்புனா, மேட்டுநிலத்துச் சீக்கு பூரா நம்ம தலைக்கு மேலதான் இருக்கு," என்றாள் வில்மா. "காசநோய், கருச்சிதைவு, நாக்குப்பூச்சி... கூர எந்நேரம் இடியுமோ."

"இடிஞ்சா மொதல்ல இஞ்ஜினியர் ரூம்புதான் போகும்."

"அப்ப இன்னும் நாலு வச்சி விடு."

நவம்பரில் ஒருநாள் மத்தியானம் செனோன் நூலகத்துக்கு வந்தான். நல்ல தொப்பி போட்டிருந்தான். கன்னத்தில் வெற்றிலை மாதிரி கொக்கா இலை அடக்கியிருந்தான். வாசற்காவலர் உள்ளே விடவில்லை. நான் இறங்கிப்போய், எதிர்ச் சந்துக் கடையில் ஊதாச்சோளக் கஞ்சி வாங்கிக் கொடுத்தேன். அவன் அதைத் தொடவில்லை.

எங்கள் ஊர் காலாவீரி. ஆற்றோரம். ஊருக்கு மேலே தாது அரைக்கும் ஆலை இருக்கிறது. அரைத்த சேற்றைத் தேக்கிவைக்கிற குட்டையை இன்னும் அகலமாக்க ஆலைக்காரன் உரிமம் கேட்டிருந்தான். அகலமாக்கினால் குட்டையின் கரை எங்கள் மேய்ச்சல் நிலத்தைத் தொடும், ஊர்க் கிணறு அதற்கு அந்தப் பக்கம் போய்விடும். ஊர் சார்பில் மறுப்பு மனு போட்டவன் செனோன். அன்று மாவட்ட அலுவலகத்தில் முதல் விசாரணை.

"ஆலைக்கு ஒரு ஆலோசகரு வந்துருந்தான், நீலக் கோட்டுப் போட்டவன்," என்றான். "செவுத்துல ஒங்க மேப்பக் காட்டுனான்."

"எங்க மேப்பா? இன்னும் தெறக்கவே இல்லையே."

"சோதனைக்குன்னு சில ஆபீசுக்குக் குடுத்துருக்காங்களாம். நம்ம ஊரச் சுத்தி ஒரு கட்டம் போட்டான். ஒரு புள்ளிகூட இல்ல. 'பாருங்க ஐயா, இத்தன வருஷ ஆராய்ச்சில இந்த ஊருல கெடுதல்னு ஒருத்தரும் எழுதல, சுத்தமான எடம்'னான். ஆபீசரு அதப் பிரிண்டு எடுத்து சீல் குத்திக்கிட்டாரு."

கஞ்சிக் கோப்பையை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் நகர்த்தினேன்.

"ஏம்மா தெல்ஃபினா, நம்ம பள்ளிக்கூடத்துல ரத்தம் எடுத்தாங்களே. வெள்ள ஜீப்புல வந்து. நீ அழுத. ஆளுக்கொரு ரொட்டியும் ஆரஞ்சும் குடுத்தாங்க. ஞாபகம் இல்ல?"

ஞாபகம் இருந்தது. முழங்கை மடிப்பில் ரப்பர் குழாய் கட்டியது, ஆரஞ்சுத் தோலைப் பல நாள் சட்டைப் பையில் வைத்து மோந்து பார்த்தது எல்லாம். பெற்றவர்களிடம் ஒரு தாளில் பெருவிரல் ரேகை வாங்கினார்கள். முடிவைச் சொல்லத் திரும்பி வருவோம் என்றார்கள். ஜீப்பு வரவில்லை.

"அந்த ரத்தம் எங்க போச்சு?" என்றான் செனோன். "அத வச்சி எவனாச்சும் எழுதியிருப்பான்ல? பிப்ரவரில, கார்னிவல் திருவிழாவுக்கு முந்துன வாரம் ரெண்டாவது விசாரண. அதோட முடிஞ்சிது. அதுக்குள்ள கண்டுபுடிச்சிக் குடு. நீ அங்கதான இருக்க."

கஞ்சி ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. அவன் பஸ்ஸுக்குப் போனதும் அதை நானே குடித்தேன்.

கூரைமேல் கிடந்த புள்ளிகளைத் தோண்ட ஆரம்பித்தேன். தினம் என் பங்கு வேலை முடிந்தபின் பத்துப் பதினைந்து பார்ப்பேன். எங்கள் அம்மா கழிவுக் குன்றைக் கிளறியதும் இப்படித்தான். ஒருவன் வேண்டாமென்று கொட்டியதில் இன்னொருத்தி தனக்கு வேண்டியதைத் தேடுவாள். ஒரு நாள் அகப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளின் இரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று மூன்று ஊர்களில் பார்த்த ஆய்வேடு. எழுதியவர் அப்போது கழகத்தில் வேலைபார்த்த டாக்டர் லெதெஸ்மா. ஊர்ப் பெயர்கள் இல்லை, முதல் ஊர், இரண்டாம் ஊர், மூன்றாம் ஊர் என்றிருந்தது. மூன்றாம் ஊரைப் பற்றி நாலு வரி: ஆலைக்குக் கீழே ஆற்றோரம் அமைந்தது. இரண்டு அறைப் பள்ளி. சேற்றுக் குட்டையை ஒட்டிய காய்ந்த நிலத்தில் பிள்ளைகள் பந்து விளையாடுகின்றனர், கோல்கம்பங்கள் பழைய தண்டவாளத்தால் ஆனவை.

அந்தத் தண்டவாளத்தில் நெற்றியை இடித்துக்கொண்ட தழும்பு செனோனுக்கு இன்றும் இருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் அட்டவணை. பெயர்கள் இல்லாமல், வரிசை எண்ணும் பக்கத்தில் காரீய அளவும் மட்டும். மற்ற இரண்டு ஊர்களைவிட மூன்றாம் ஊரின் எண்கள் பெரியவை. சிலவற்றுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டு, 'உடனடி மருத்துவக் கவனிப்புத் தேவை' என்று அடிக்குறிப்பு எழுதியிருந்தது. அதில் ஒரு வரி நான். ஒரு வரி செனோன். ஒரு வரி அவன் பெண்டாட்டி பிரிமித்திவா, அவளும் அதே பள்ளிதான். ஒரு வரி என் சித்தி மகன் ஃபாவியான். வலிப்பு வந்து பதின்மூன்று வயதில் போனான். யாருக்கு எந்த வரி என்று தெரியாது. தோள் வலியை மறந்து விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்கொண்டு போனேன்.

இரியார்த்தேவிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. காது கொடுத்துக் கேட்டார்.

"ஒங்களுக்கு உறுதியாத் தெரியுமா, தெல்ஃபினா?"

"என் ரத்தம், இஞ்ஜினியர்."

"அது இல்ல கேள்வி. ஊர் பேர மறைக்கிறதா அவங்க சத்தியம் பண்ணியிருக்காங்க. நான் பாட்டுக்கு மேப்புல போட்டுட்டா நாளைக்கு கழகத்து மேல கேஸு வரும். எழுதுனவரு எழுத்துல சம்மதிச்சா மாத்தலாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சம்மதிச்சா நீங்களே வச்சிருங்க, என்னைய கேக்கக்கூட வேண்டாம்," என்றார்.

லெதெஸ்மா ஓய்வு பெற்று, நகரத்தின் வடக்கே மகள் வீட்டோடு இருந்தார். மூக்கில் பிராணவாயுக் குழாய் மாட்டியிருந்தார். நான் காலாவீரிக்காரி என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார். நெடுநேரம் விடவில்லை.

"நீங்க ஏன் திரும்பி வரல, டாக்டர்?" என்றேன். அதைக் கேட்கத் திட்டமிட்டுப் போகவில்லை.

"காசு தீந்துபோச்சு மகளே. ஜீப்பத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க. அப்புறம் சாலை மறியல், அது இதுன்னு..." மூச்சு வாங்கினார். "அதெல்லாம் சாக்கு. வந்து என்ன சொல்றது? ஒம் புள்ளைக்கு மூளையில காரீயம் ஏறியிருக்கு, மருந்து எங்கிட்ட இல்லன்னா? அதச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல."

"இப்பயாச்சும் சொல்லுங்க. மூணாவது ஊரு காலாவீரின்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

தலையை ஆட்டினார். "அங்கதான் சிக்கல். ஆத்துக்கு அந்தப் பக்கம் சோரோமான்னு ஒரு ஊரு. அங்கயும் எடுத்தோம். ரெண்டு ஊரும் ஒரே மாதிரி. எது ரெண்டு, எது மூணுன்னு ஒரு தாள்ல எழுதி வச்சிருந்தோம், புள்ளைங்க பேரும் அதுலதான். ஆராய்ச்சி முடிஞ்சதும் அத எரிச்சிறணும், விதி அப்படி. எரிச்சிட்டேன். என் கையாலயே."

"கோல்கம்பம் தண்டவாளம்னு எழுதியிருக்கீங்க. சோரோமாவுல தண்ணிக்குழாய்தான் நட்டுருந்தாங்க."

"இருக்கலாம். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா எனக்கு ஞாபகம் வரல மகளே. வராதத வந்துச்சின்னு கையெழுத்துப் போட்டா, மத்த எண்ணையும் பொய்ம்பாங்க."

கடைசியில் இப்படி முடிந்தது: காலாவீரி ஊரார் கூடி, தங்கள் ஊர்ப் பெயரை வெளியிடச் சம்மதம் என்று ரேகை வைத்துக் கொடுத்தால், 'வரைபடத்தில் இடம் குறிப்பதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று அவர் எழுதித் தருவார். ஆட்சேபணை இல்லை என்பதற்கு மேல் அவரால் வர முடியவில்லை. வாசல்வரை குழாயை இழுத்துக்கொண்டு வந்து வழியனுப்பினார்.

ஊர்க்கூட்டம் பள்ளி முற்றத்தில் நடந்தது. நல்ல காற்று. குட்டையிலிருந்து வெள்ளைத் தூசி எழுந்து எல்லார் தொப்பியிலும் மாவு மாதிரி படிந்தது. செனோன் விஷயத்தைச் சொன்னான். ஆண்கள் தலையாட்டினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து பிரிமித்திவாதான் எழுந்தாள்.

"புள்ளி வச்சா என்ன ஆகும், நாத்தனாரே? வெவரமாச் சொல்லு."

"மேப்பத் தெறந்து நம்ம ஊரப் பாத்தா, இங்க புள்ளைங்க ரத்தத்துல காரீயம் இருந்துச்சின்னு வரும், மதினி. அலுவலகம் அத இல்லன்னு சொல்ல முடியாது."

"யார் வேணா தெறந்து பாக்கலாமா?"

"யார் வேணா."

"நகராட்சிக்காரன்?"

எங்கள் ஊர்ப் பெண்கள் போடும் பாலாடைக்கட்டியை நகராட்சி பள்ளிக்கூடக் காலை உணவுக்கு வாங்குகிறது. ஊரில் மாதாமாதம் வருகிற வருமானம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் மழை பெய்தால் உண்டு, ஆலைக்காரன் கூப்பிட்டால் உண்டு.

"அப்ப கட்டி போச்சு," என்றாள் பிரிமித்திவா.

"குட்ட வந்தா மேய்ச்சலே போச்சுடி," என்றான் செனோன். "மேய்ச்சல் போனா மாடு போச்சு. மாடு போனா கட்டிய எதுல போடுவ, ஒங்கப்பன் தொப்பியிலயா?"

"எங்கப்பன் தொப்பியில தூசியாவது இருக்கு. ஒன் மண்டையில என்ன இருக்கு?"

சிரித்தார்கள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அது அடங்கியபின் வயதான ஒருத்தி, ஃபாவியானின் அம்மா, என் சித்தி, உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்:

"அதுல எம் பயலுக்கு எவ்வளவுன்னு போட்டுருக்கா, தெல்ஃபினா?"

"பேரு போடல சித்தி. எண்ணு மட்டும்தான்."

"ஓ," என்றாள். பாவாடையில் இருந்த தூசியைத் தட்டினாள். அப்புறம் எழுந்துவந்து முதல் ரேகை வைத்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். பிரிமித்திவா எல்லாருக்கும் கடைசியில் வந்து, மையில் விரலை அழுத்தும்போது என்னைப் பார்க்காமல், "எது நடந்தாலும் நீ பட்டணத்துலதான் இருப்ப," என்றாள்.

டிசம்பரில் வரைபடம் திறந்தது. கழகத்தில் விழா. எங்கள் வழக்கப்படி, வரைபடத்துக்கென்று வாங்கிய புது இயந்திரத்தின்மேல் வண்ணக் காகிதச் சுருள்களைப் போட்டு, நாலு மூலைக்கும் பீர் தெளித்து, பூமித்தாய்க்கு முதல் பங்கு ஊற்றினார்கள். இரியார்த்தே கொஞ்சம் அதிகமாகவே ஊற்றிவிட, மின்இணைப்புப் பெட்டிக்குள் பீர் போய் விளக்கு அணைந்தது. "தாய்க்குத் தாகம்," என்றாள் வில்மா. விளக்கு வந்தபின் நான் என் மேசைக்குப் போனேன். லெதெஸ்மாவின் கடிதமும் ஊராரின் ரேகைத் தாளும் ஏற்கனவே கோப்பில் சேர்ந்திருந்தன. கூரைமேல் கிடந்த அந்தப் புள்ளியைப் பிடித்து, நகரத்தைத் தாண்டி, உப்பு வெளியைத் தாண்டி, ஆற்றின் வளைவுவரை இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தின்மேல் விட்டேன். தோளில் ஆணி இறங்கியது. எத்தனையோ ஊர்களுக்குப் புள்ளி வைத்தவள் நான். எங்கள் ஊர்ப் புள்ளியையும் நான்தான் வைக்கவேண்டும் என்று இருந்தது. வேறொருத்தியின் கையில் கொடுக்க மனம் வரவில்லை.

கார்னிவலுக்கு முந்தின வாரம் இரண்டாம் விசாரணை. ஊரிலிருந்து ஒரு லாரி நிறைய வந்திருந்தார்கள். நகராட்சியிலிருந்தும் இரண்டு பேர் வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். செனோன் சொன்னதன்பேரில் அலுவலர் வரைபடத்தைச் சுவரில் திறந்தார். காலாவீரியைச் சுற்றிக் கட்டம் இழுத்தார். உள்ளே ஒரு புள்ளி சிவப்பாக நின்றது. எங்கள் ஆட்கள் மத்தியில் ஒரு முனகல்.

நீலக் கோட்டு ஆலோசகர் எழுந்தார். அவர் அவசரப்படவில்லை.

"போன விசாரணையில இது இல்ல, ஐயா. சீல் வச்ச பிரிண்டு ஒங்ககிட்ட இருக்கு."

"அப்ப தப்பான எடத்துல இருந்துச்சு," என்றான் செனோன். "இப்ப சரியான எடத்துக்கு வந்துருச்சு."

"நல்லது. கட்டுரையில காலாவீரின்னு எங்க எழுதியிருக்குன்னு காட்டுங்க, செனோன் ஐயா."

"பேர மறச்சிருக்காங்க. அவங்க வழக்கம் அது."

"எழுதுனவரு கடுதாசில இருக்கா? 'ஆட்சேபணை இல்லை'ன்னு இருக்கு. எனக்குக்கூட ஆட்சேபணை இல்ல, யாரும் எங்கயும் புள்ளி வச்சிக்கட்டும். எந்த ஊருன்னு அவரு சொல்லலையே." அலுவலரைப் பார்த்தார். "அப்ப இது காலாவீரின்னு சொல்றது இந்தப் புள்ளி மட்டும்தான். இத யாரு வச்சதுன்னு கொஞ்சம் அமுக்கிப் பாருங்க."

அலுவலர் அமுக்கினார். சுவரில், ஒரு ஆள் உயரத்துக்கு, என் பெயர் வந்தது. தெல்ஃபினா கொப்பஹிரா.

"மனு போட்டவரு பேரு?" என்றார் ஆலோசகர்.

அலுவலர் கோப்பைப் புரட்டினார். அவருக்குப் படிக்கவே கூச்சமாக இருந்தது. "செனோன் கொப்பஹிரா."

"ஒறவா?"

"தங்கச்சி," என்றான் செனோன். வேறு என்ன சொல்வான்.

ஆலைக்காரர்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. ஆலோசகர் சிரிக்கவில்லை, உட்கார்ந்துகொண்டார். நான் எழுந்தேன். "அந்த அட்டவணையில நானும் ஒருத்தி, ஐயா. என் கையில ஊசி போட்டாங்க," என்றேன். "எந்த எண்ணும்மா நீங்க?" என்று அலுவலர் கேட்டார். கேலிக்காகக் கேட்கவில்லை. தெரிந்தால் எழுதிக்கொள்ளத் தயாராகப் பேனாவைத் திறந்தே வைத்திருந்தார். எனக்குத் தெரியாது என்றேன். பேனாவை மூடினார்.

புள்ளியைச் சான்றாக ஏற்க முடியாது என்று எழுதினார்கள். அதன்பின் வேறு சான்று இல்லை என்றும் எழுதினார்கள். உரிமம் கொடுத்தார்கள். மூணரை மணிக்கெல்லாம் எங்கள் ஆட்கள் லாரியில் ஏறிவிட்டார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா என் பேருல வச்சிருப்பேனேடி," என்றாள் வில்மா மறுநாள். அதைச் சொல்லிவிட்டு அவளே அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. வில்மா பெயரில் இருந்தால் மட்டும் அந்த ஆலோசகர் வேறொன்று கேட்டிருக்கமாட்டாரா என்றும் நினைத்துப் பார்த்தேன். கேட்டிருப்பார். ஆனாலும் கொஞ்சம் பாடுபட்டுக் கேட்டிருப்பார்.

இரண்டு வாரத்தில் நகராட்சியிலிருந்து காலாவீரிக்குத் தாள் வந்தது. கழகத்தின் வரைபடத்தில் அந்த ஊரில் காரீய நச்சு பதிவாகியிருப்பதால், முன்னெச்சரிக்கையாகப் பாலாடைக்கட்டிக் கொள்முதல் நிறுத்தப்படுகிறது. நான் இரியார்த்தேவிடம் ஓடினேன்.

"அந்தப் புள்ளிதான் செல்லாதுன்னு சொல்லிட்டாங்களே, இஞ்ஜினியர். பழையபடி கூரைக்கே கொண்டுபோயிருங்க."

"அது அவங்க முடிவு. நம்ம விதிப்படி சம்மதக் கடிதம் இருக்கு, ரேகை இருக்கு. இனி எடுக்கணும்னா குழு கூடணும்." கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "குழுவுக்கு இன்னும் ஆள் போடல. அறக்கட்டள பணமும் டிசம்பரோட முடிஞ்சிருச்சு. ஒங்க ஒப்பந்தமும் இந்த மாசம்தான், தெரியும்ல?"

தெரியும்.

கடைசி நாளில் பிரிமித்திவா நூலக வாசலுக்கு வந்தாள். முதுகில் கட்டிய துணியில் பாலாடைக்கட்டிகள். அவளையும் காவலர் உள்ளே விடவில்லை. சந்தையில் வாங்குவார்களா என்று பார்க்க வந்தவள். நகரச் சந்தைக்காரிகளுக்கு வரைபடம் எதுவும் தெரியாது, ஆனால் நகராட்சி நிறுத்தியது தெரிந்திருந்தது. மூட்டையைப் படியில் இறக்கிவைத்து உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். ஒரு கட்டியை உடைத்துப் பாதியை எனக்குக் கொடுத்தாள். உப்புக் கரித்தது. நன்றாக இருந்தது.

"ஒம் புள்ளி அங்க செல்லல. இங்க செல்லுது," என்றாள்.

"ஆமா மதினி."

"குட்ட தோண்ட ஆரம்பிச்சாச்சு. ஒங்கண்ணனும் அங்கதான் கூலிக்குப் போறான். வேற எங்க போவான்." வாயில் இருந்ததை மென்று முடித்தாள். "மூத்தவ மாசமா இருக்கா. எனக்கு இருந்தது அவளுக்கும் போயிருக்குமான்னு ஆஸ்பத்திரில கேட்டேன். 'ஒங்களுக்கு எவ்வளவு இருந்துச்சு'ன்னு கேக்குறாங்க. நீதான் அந்தத் தாளப் பாத்தியே. எனக்கு எவ்வளவுடி?"

நட்சத்திரம் போட்ட எண்களும் போடாத எண்களும் எனக்கு மனப்பாடம். அதில் எதை எடுத்து அவள் கையில் கொடுப்பது. லெதெஸ்மாவைக் கேட்கலாம் என்றால், கார்னிவல் முடிந்த வாரத்தில் அவரும் போய்விட்டார்.

"தெரியல மதினி."

அவள் மூட்டையைக் கட்டினாள். தூக்கிவிடப் போனேன். தோள் இழுத்தது, கை பாதியில் நின்றுவிட்டது. அவளே ஏற்றிக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தாள்.

ரொட்டியும் ஆரஞ்சும் கொடுத்து எங்கள் பள்ளிக்கூடத்தில் இரத்தம் எடுத்தார்கள். முடிவைச் சொல்கிறோம் என்றார்கள். பிரிமித்திவாவுக்கும், செனோனுக்கும், எனக்கும், ஃபாவியானின் அம்மாவுக்கும், அன்று வரிசையில் நின்ற எல்லாருக்கும் அவரவர் எண்ணைக் கழகம் இன்னும் தரவேண்டியிருக்கிறது.